பூட்டை முடிவு செய்துவிட்டுக் கதவைப் பாருங்கள்: பழைய வீட்டில் எந்த வாசலுக்கு எது

"மாமா, வாசக்கதவு தேக்கா, ஸ்டீலா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. கடையில நிக்கிறேன்."

அக்கா மகன் போனில் கேட்டான். ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியதாக இருந்தால் கடலூரில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது நான் ஆறு மாதம் அல்லாடியிருக்க மாட்டேன். கதவை முதலில் வாங்கினேன், பூட்டை அப்புறம் தேடினேன், தரையைக் கடைசியாகப் போட்டேன். மூன்றும் தலைகீழ். அவனிடம் கடையை விட்டு வெளியே வந்து டீ குடிக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்குப் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்பவர்கள் நிறையப் பேர்.

## முதலில் ஐந்து கேள்விகள்

கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியாக இவற்றுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். வீடு முழுக்க ஒரே கதவு என்று முடிவு செய்தால் ஒன்று பணம் வீணாகும், இல்லை கதவு வீணாகும்.

நிலை இருக்குமா, பெயர்க்கப் போகிறோமா? புது வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். நிலையைப் பெயர்த்தால் சுற்றிப் பூச்சு உதிரும், ஓர டைல்ஸ் உடையும், பிறகு கொத்தனார், பெயின்டர், குப்பை அள்ள வண்டி. கதவுக்கடையில் கொடுக்கும் பில்லில் இதில் ஒன்றும் இருக்காது.

தண்ணீர் எவ்வளவு படும்? குளியலறை மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும் பின்வாசலும் கணக்கில் வர வேண்டும்.

கரையான் வந்த வீடா? ஒரு தடவை வந்திருந்தால், திரும்ப வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறது? கீல், தாழ்ப்பாள், பூட்டு மூன்றும் ஸ்க்ரூவில்தான் நிற்கின்றன. ஸ்க்ரூ பிடிக்கிற சதை உள்ளே இல்லாத கதவில் எவ்வளவு விலை கொடுத்த பூட்டும் பொம்மைதான்.

யார் திறக்கப் போகிறார்கள், யார் பழுது பார்க்கப் போகிறார்கள்? வீட்டில் வாக்கர் பிடித்து நடக்கும் அப்பா இருக்கிறாரா? பத்து வருடம் கழித்துப் பூட்டு மக்கர் செய்தால் உங்கள் ஊரில் கைவைக்க ஆள் உண்டா?

இவற்றுக்கெல்லாம் முன்னால் தரை. பழைய மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் பசையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரை தரை ஏறும். அதுவரை சரியாக நின்ற கதவுகள் அத்தனையும் அடியில் இடிக்கும். எங்கள் மாடியறைக் கதவுகளை அப்படித்தான் கழற்றி அடியை அறுக்க வேண்டி வந்தது. பிளஷ் கதவை, அதாவது உள்ளே கட்டைகள் அடுக்கி இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவை, அறுத்தால் உள்கட்டை வாய் திறந்து நிற்கும். அதை மரப்பட்டியால் மூடிப் பெயின்ட் அடிக்காவிட்டால், வீடு துடைக்கும் தண்ணீரை ஒவ்வொரு நாளும் குடிக்கும். தரையை முடித்த பிறகே கதவுக்கு அளவு எடுங்கள்.

## கதவுகள்

### கட்டை மரம்: தேக்கு, வேங்கை, பலா, வேம்பு

தேக்குக்கு மேல் ஒன்றில்லை என்பது பொய் இல்லை. எண்ணெய்ப்பசை உள்ள மரம், கரையான் சுலபத்தில் தொடாது, வளைவது குறைவு, ஸ்க்ரூவை விடாமல் பிடிக்கும். ஆனால் "தேக்கு" என்ற ஒரு சொல்லுக்குள் வயதான மரத்தின் வைரமும், அதாவது முற்றிய நடுக்கட்டையும், இருக்கிறது, இளமரத்தின் வெளுத்த வெளிப்பாகமும் இருக்கிறது. வெளுத்த பாகத்தைக் கரையான் தின்னும். பாலிஷ் போட்ட பிறகு இரண்டும் ஒரே நிறம். அதனால் பாலிஷ் போடாத பலகையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கன அடிக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் மரியாதை கூடும். 7 அடி உயரம், 3½ அடி அகலம் உள்ள நிலைக்கு 5-க்கு 3 அங்குலச் சட்டம் என்றால்: இரண்டு கால், மேல்கட்டை, அடிப்படி சேர்ந்து 21 அடி நீளம். 21 × 5 × 3 ÷ 144 = ஏறத்தாழ 2.19 கன அடி. அறுப்பில் போகும் கழிவுக்கு மேலே கொஞ்சம் கேட்பார்கள், அது நியாயம். மூன்றரை கன அடி என்றால் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வாசக்கதவு பலா. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் தோட்டத்துப் பலா ஒன்றும் விழுந்தது. அப்பா அதைப் பலகையாக அறுத்து, இடையில் ரீப்பர் வைத்து மாட்டுக்கொட்டகையில் அடுக்கிப் போட்டார். பத்து வருடத்துக்கு மேல் நிழலில் காய்ந்த மரம். அறுத்தபோது மஞ்சளாக இருந்தது, இப்போது தேன்நிறத்தைத் தாண்டிப் பழுப்பாகிவிட்டது. இப்படிக் காய்ந்த மரம் உங்கள் வீட்டுப் பரணிலோ கொட்டகையிலோ கிடந்தால், கடைத்தேக்கைப் பார்க்குமுன் அதை ஆசாரியிடம் காட்டுங்கள்.

கட்டை மரத்தின் மறைவான செலவு அது வாங்கும் ஈரம்தான். மழைக்காலத்தில் உப்பும். முதல் கார்த்திகையில் எங்கள் கதவு நிலையோடு இறுகிப்போய், தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருந்தது. இழைப்புளி போட்டுச் சீவிவிடச் சொன்னேன். ஆசாரி கையைக்கூட வைக்கவில்லை. "இப்பச் சீவினா சித்திரையில சந்து வழியா பல்லி வரும் தம்பி. தையில பார்ப்போம்" என்றார். தை பிறந்ததும் கதவு தானாகவே சரியாகிவிட்டது. மேல்முனையில் மட்டும் ஒரு நூல் எடுத்தார்.

கதவின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் பாலிஷ் காணாமல் விடப்படுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஈரம் உள்ளே போகிற பெரிய வழி அதுதான். கதவைத் தொங்கவிடுமுன் அந்த இரண்டு விளிம்புக்கும் பூச்சு போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எங்கே சரி: வாசக்கதவு, பூஜை அறை. குளியலறைக்கு வேண்டாம்.

### பழைய கதவையே திருப்பிப் போடுவது

ஒப்பீட்டில் இதைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். 1980-களுக்கு முன் கட்டிய வீடுகளில் இருக்கும் மரம் இன்று அந்த விலைக்குக் கிடைக்காது. பெயின்டைச் சுரண்டி, பொருத்துகளை இறுக்கி, கீலை மாற்றினால் பெரும்பாலும் போதும். சுரண்டும் கூலி அதிகம் என்பார்கள். புதுக்கதவுக்குப் பாலிஷ் போடும் கூலியும் உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சிக்கல் இரட்டைக் கதவில் வரும். இரண்டு பலகையும் சேரும் நடுக்கோட்டில், விளிம்புக்குள் புதைகிற மார்டைஸ் பூட்டு வைக்க இடம் போதாது. அதற்கு மேலே பொருத்தும் ரிம் லாக் அல்லது நாதாங்கியும் தொங்கு பூட்டும்தான். அது ஒரு குறையா என்பதைப் பூட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

### பிளஷ் கதவு

படுக்கையறைகளுக்குப் பெரும்பாலான வீடுகளில் இதுதான், அதில் தப்பில்லை. வாங்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு. எந்தப் பசை? சாதாரண கமர்ஷியல் ரகத்தில் யூரியா பசை. நீர் பட்டால் தாள் தாளாக உரியும். பிடபிள்யூபி (கொதிநீர் தாங்கும்) ரகத்தில் பீனால் பசை, ஈரம் தாங்கும். உள்ளே என்ன? ஐஎஸ் 2202 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள திட உள்கட்டைக் கதவு என்றால் மரச்சட்டங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். மலிவுக் கதவில் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றுதான்.

இதை நான் பாடம் படித்த விதம்: மாடியறைக்கு மார்டைஸ் பூட்டு வைக்க ஆசாரி உளியால் கொத்திக்கொண்டிருந்தார். நான்காவது அடியில் உளி பொசுக்கென்று பிடிவரை உள்ளே போனது. பூட்டு உட்கார வேண்டிய இடத்தில் பாதி பொந்து. மரத்துண்டு செதுக்கி, பசை ஊற்றி, ஒருநாள் கிளாம்ப் போட்டு வைத்து, மறுநாள் திரும்பக் கொத்தினார். கதவில் மிச்சம் பிடித்த பணத்தில் பாதி அந்த இரண்டு நாள் கூலிக்குப் போயிற்று. கடைக்காரரிடம் இப்போது நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதவில், இந்த உயரத்தில், இந்தப் பூட்டு வரும். விரல்கணுவால் மேலிருந்து கீழ்வரை தட்டிப் பாருங்கள், ஓசை மாறும் இடத்தில் பொந்து.

இன்னொன்று, தடிமன். 30, 35 மி.மீ. என்று வரும். பழைய நிலையில் கதவு உட்காரும் பள்ளம் எங்கள் வீட்டில் ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மி.மீ. இருந்தது. அதற்கு 35 மி.மீ. கதவு வாங்கினால் 3 மி.மீ. வெளியே துருத்தும். ஒன்று பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், இல்லை 30 வாங்கி, மார்டைஸ் பூட்டு ஆசையை விட வேண்டும்.

### டபிள்யூபிசி

மரத்தூளும் பிவிசியும் கலந்த பலகை. தண்ணீர், கரையான் இரண்டையும் பற்றிக் கவலையே வேண்டாம். நிலையும் இதிலேயே கிடைக்கிறது. கரையான் புற்றெடுத்த வீட்டில் நான் யோசிக்காமல் இதைத்தான் போடச் சொல்வேன்.

ஆனால் ஸ்க்ரூவை ஒருமுறை இறுக்கலாம், இரண்டாவது முறையும் இறுக்கலாம். அதற்குமேல் துளை லொடலொடத்துவிடும். முதல் தடவையே சரியான அளவில் துளை போட்டு ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். மேற்கு வெயில் நேராக விழும் வாசலில் கருநிறத்தில் போட்டால் வளைய வாய்ப்பு உண்டு. குளியலறை, பின்வாசல், சமையலறை உள்கதவு: சரி. வாசக்கதவுக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

### பிவிசி, எஃப்ஆர்பி

குளியலறைக்கு மட்டும். பிவிசி மலிவு, எடை குறைவு, ஓங்கிச் சாத்தினால் கீலோடு கையில் வரும். எஃப்ஆர்பி என்பது கண்ணாடியிழை சேர்த்த பிளாஸ்டிக், அதைவிட உறுதி. வாடகைக்கு விடும் போர்ஷன் என்றால் எஃப்ஆர்பி.

### ஸ்டீல் கதவு

நிலையோடு சேர்ந்து வரும், உப்பாது, பல முனைப் பூட்டு உள்ளேயே இருக்கும். ஆசாரியின் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பழைய நிலையைப் பெயர்த்தே ஆக வேண்டும், மேலே சொன்ன கொத்தனார்ச் செலவு முழுதும் வரும். பூட்டு அந்தக் கம்பெனியின் சொந்த அளவு. ஐந்து வருடம் கழித்து உதிரிபாகம் அவர்களிடம் இருந்தால்தான் உண்டு. கடற்கரை ஊரில் பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். மாடியில் அபார்ட்மென்ட், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், கடல் பக்கத்தில் இல்லை என்றால் ஸ்டீல் நல்ல முடிவு.

| கதவு | ஈரம் | கரையான் | ஸ்க்ரூ பிடிமானம் | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|
| முற்றிய கட்டை மரம் | உப்பும், சுருங்கும் | வைரம் தாங்கும் | மிக நன்று | பாலிஷ், முதல் வருடச் சரிப்படுத்தல் |
| பழைய கதவு | பழகிய மரம் | பார்த்து உறுதி செய்க | நன்று | பெயின்ட் சுரண்டல், துளை அடைத்தல் |
| பிளஷ் (திட உள்கட்டை) | பசையைப் பொறுத்தது | மருந்திட்டது வேண்டும் | நன்று. பொந்து இருந்தால் இல்லை | ஓரப்பட்டி, பெயின்ட் அல்லது லேமினேட் |
| டபிள்யூபிசி | கவலை இல்லை | கவலை இல்லை | ஓரிரு முறைதான் | தெரிந்த ஆளின் கூலி |
| எஃப்ஆர்பி | கவலை இல்லை | கவலை இல்லை | கட்டை வைத்த இடத்தில் மட்டும் | கீல் மாற்றம் |
| ஸ்டீல் | கீறலில் துரு | கவலை இல்லை | தொழிற்சாலைப் பொருத்து | நிலை பெயர்ப்பு, உதிரிபாகம் |

## பூட்டுகள்

### நாதாங்கியும் தொங்கு பூட்டும்

பழசு என்று ஒதுக்காதீர்கள். கதவின் தடிமன் எதுவானாலும் வேலை செய்யும், கெட்டால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்த நெம்புப் பூட்டு என்றால் தமிழ்நாட்டில் இன்னமும் அந்த ஊர்ப் பேர்தான் முதலில் வரும்.

அதன் பலவீனம் இரண்டு. பூட்டு தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே தெரியும். அடுத்தது, பூட்டு உடையாது, நாதாங்கி பிடுங்கிக்கொண்டு வரும். அரையங்குல ஸ்க்ரூவில் நிற்கும் நாதாங்கியை ஒரு கடப்பாரை நெம்பிவிடும். கதவை ஊடுருவி உள்பக்கம் நட்டு போட்ட போல்ட்டில் நாதாங்கியை வையுங்கள், செலவு சொற்பம். வெளியே கிரில் கேட் இருந்தால் அதில், கையை உள்ளே விட்டுப் பூட்டும்படி போட்டுக்கொள்ளலாம்.

### ரிம் லாக்

கதவின் உள்முகத்தில் பெட்டி போல உட்காரும் பூட்டு. கதவைக் குடைய வேண்டாம், சாவிக்கு ஒரு துளை போதும். பழைய கதவு, மெல்லிய கதவு, இரட்டைக் கதவு எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். அழகில்லை என்பார்கள். உள்பக்கம்தானே இருக்கிறது? பழைய கதவை வைத்துக்கொள்பவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம் என்றால் ஒரு எச்சரிக்கை: பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்து, காற்றில் கதவு சாத்திக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கிய கதை எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. மாற்றுச்சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

### மார்டைஸ்

கதவின் விளிம்புக்குள் புதைகிற பூட்டு. கைப்பிடியும் சாவியும் ஒரே தகட்டில், பார்க்க லட்சணம். கதவு 35 மி.மீ.யாவது இருக்க வேண்டும், உள்ளே சதை இருக்க வேண்டும். நல்லதாகப் பொருத்தினால் இருபது வருடம் கேள்வி இல்லை.

சிலிண்டர் நீளத்தைக் கடைக்காரர் கேட்காமலே கொடுப்பார். 60 மி.மீ., 70 மி.மீ. என்று வரும். மெல்லிய கதவில் நீள சிலிண்டர் போட்டால் தகட்டைத் தாண்டி வெளியே துருத்தும். துருத்துகிற சிலிண்டரைப் பிடித்து முறித்துவிட முடியும். தகட்டோடு சமமாக, மிஞ்சினால் 3 மி.மீ. வரை நிற்கட்டும். உள்பக்கம் சாவியா, திருகா என்பதும் கேள்வி. இரண்டு பக்கமும் சாவி என்றால், ராத்திரி தீப்பிடித்தால் இருட்டில் சாவியைத் தேட வேண்டும். கதவில் கண்ணாடி இல்லை என்றால் உள்ளே திருகே போதும்.

### டிஜிட்டல் பூட்டு

கேட்பவர்கள் இப்போது இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பிள்ளைகள் ஒரு நேரம், வேலைக்கு வரும் அம்மா ஒரு நேரம், சாவி எண்ணிக்கை பெருகும் வீட்டில் இது உண்மையிலேயே சௌகரியம். மின்வெட்டுக்குப் பயப்பட வேண்டாம், பேட்டரியில்தான் ஓடுகிறது. பேட்டரி தீர்ந்தாலும் வெளியிலிருந்து தற்காலிகமாக மின்சாரம் கொடுக்க வழியும், கைச்சாவியும் உள்ள ரகத்தையே வாங்குங்கள். போன் ஆப் இணையத்தை நம்பியது. தானே புயல் வந்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் மின்சாரமே இல்லை. விரல்ரேகையும் எண்ணும் இணையம் இல்லாமலே வேலை செய்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கைரேகை எல்லோருக்கும் ஒத்துழைக்காது. சிமென்ட்டில் வேலை செய்யும் கை, வயதானவர்களின் வறண்ட விரல் இவற்றை அது அடிக்கடி மறுக்கும். அப்பாவுக்கு எண் பழக்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியம், கட்டை மரக்கதவில் மோட்டார் பூட்டு. மழையில் கதவு ஒரு நூல் உப்பினால் நாம் தோளால் தள்ளிச் சாவியைத் திருப்புவோம். மோட்டாருக்குத் தோள் இல்லை. நாக்கு நிலைத்துளையில் இடிக்கும், கீ கீ என்று கத்தும், மறுபடி முயலும், பேட்டரி இறங்கும். டிஜிட்டல் வேண்டும் என்று முடிவு செய்தால், உப்பாத கதவையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்: ஸ்டீல், அல்லது நன்றாக மூடிய பிளஷ். அக்கா மகன் தேக்கும் டிஜிட்டலும் சேர்த்து வாங்க நின்றுகொண்டிருந்தான். அவனை டீக்கடைக்கு அனுப்பியது அதனால்தான்.

## கீல், கைப்பிடி, மற்ற சாமான்

கடைசி வாரத்தில், கையில் பணம் தீர்ந்த நேரத்தில் வாங்குவது இது. கதவு தொய்ந்து இறங்குவதற்கு முதல் காரணமும் இதுவே.

7 அடிக் கதவுக்கு மூன்று கீல், கனமான வாசக்கதவுக்கு நான்கு. எடையின் இழுப்பு மேல்கீலில்தான் விழும். கனத்த கதவில் கூடுதல் கீலை நடுவில் வைப்பதைவிட மேல்கீலுக்குச் சற்றுக் கீழே வைப்பது உதவும்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று எழுதியிருந்தால் போதாது. 304 ரகமா, 202 ரகமா என்று கேளுங்கள். 202-இல் நிக்கல் குறைவு, கடல்காற்றில் சீக்கிரம் பழுப்புக் கறை ஏறும். காந்தம் வைத்துக் காட்டி "பாருங்க ஒட்டல, ஒரிஜினல் 304" என்பார்கள். 202-உம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. ஒரு சொட்டு ரசாயனம் விட்டு நிறம் பார்க்கும் சோதனை இருக்கிறது, பெரிய கடைகளில் கேட்டால் செய்து காட்டுவார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் என்றால் 316 அல்லது பித்தளை. பித்தளை கறுக்கும், ஆனால் அரிக்காது. எதை வாங்கினாலும் ஸ்க்ரூவும் அதே உலோகத்தில் இருக்கட்டும். நல்ல கீலில் இரும்பு ஸ்க்ரூ போட்டு, இரண்டே வருடத்தில் ஸ்க்ரூத்தலை உதிர்ந்த கதவு எங்கள் கொல்லைப்புறத்தில் நின்றது.

குளியலறைத் தாழ்ப்பாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உள்ளே திருகு, வெளியே காசு வைத்துத் திருப்பும் பள்ளம் உள்ள ரகம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது வழுக்கி விழுந்து கதவின்மேல் சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை ஒன்றும் செய்ய முடியாது. பழைய வீட்டுக் குளியலறை வாசல் இரண்டு அடிதான் இருக்கும், வாக்கர் நுழையாது. நிலையைப் பெயர்ப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்வேன்.

கைப்பிடியில் குமிழா, நீட்டுப்பிடியா? சோப்புக் கையில் குமிழ் வழுக்கும், மூட்டுவலிக்காரர்களுக்குத் திருப்பவே முடியாது. அம்மாவுக்காக எல்லா அறைக்கும் நீட்டுப்பிடி போட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை அவர் முந்தானை அதில் மாட்டுகிறது. "இதுக்கு அந்தப் பழைய வளையமே தேவலடா" என்கிறார். முனை கதவை நோக்கி உள்வாங்கி வளைந்த ரகமும் கடையில் இருந்தது, நான்தான் நேராக இருப்பது அழகென்று எடுத்தேன். அடுத்த மாதம் அம்மா அறைக்கு மட்டும் அதை மாற்றப் போகிறேன். துளைக்குத் துளை பொருந்துமா என்று அளந்து எழுதி வைத்திருக்கிறேன்.